ஜோர்டானின் அரசப் பெருவழி

பைத்துல் முகத்தஸ் ஜியாரத்தை நாடிப் புறப்பட்டு, வழியில் ஜோர்டானையும் கண்டு திரும்பியவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அம்மானில் பேருந்தில் ஏறினோம், உறங்கினோம், மூன்று மணி நேரத்தில் பெட்ராவில் இறங்கினோம் என்பார்கள். அவர்கள் சென்றது பாலைவன நெடுஞ்சாலை. லாரிகளும் புழுதியும் அன்றி அதில் காண்பதற்கு அதிகமில்லை. அதற்கு மேற்கே, மலைமுகட்டை ஒட்டி வளைந்து செல்லும் பழைய சாலை ஒன்று உண்டு. அரசப் பெருவழி என்பது அதன் பெயர். பெட்ராவை அடைய ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். ஆயினும் அல்லாஹ் உங்களுக்கு வாய்ப்பளித்தால், வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு அவ்வழியே செல்லுங்கள் என்றே சொல்வேன்.

மாதபா நகரைக் கடந்ததும் இருபுறமும் வயல்களும் ஆட்டு மந்தைகளுமாக மேட்டுநிலம் விரியும். பள்ளத்தாக்கு எங்கே என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கும் வேளையில், திபான் என்னும் சிற்றூருக்கு அப்பால் தரை திடீரென்று முடிந்துபோகும். கீழே, பார்வை இறங்க இறங்க முடியாத ஆழத்தில் கிடக்கிறது வாதி முஜீப். எதிர்க்கரை கைக்கெட்டும் தொலைவில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் கொண்டையூசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்கி, அடியிலுள்ள அணையைக் கடந்து, மீண்டும் ஏறி அங்கே சேர்வதற்குள் வயிற்றைப் புரட்டும் பிள்ளைகள் இரண்டு முறை காரை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பெரும் பிளவை உண்டாக்கியதில் நீருக்கே பெரும் பங்கு. கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாக்கடலை நோக்கி மேட்டுநிலத்து மழைநீர் பாய்ந்து பாய்ந்து பாறையை அறுத்திருக்கிறது. வாதி என்ற அரபுச் சொல்லை நாம் பள்ளத்தாக்கு என்று பெயர்க்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, மழை பெய்த அன்று மட்டும் ஆறாக மாறுவதையும் அச்சொல் குறிக்கும். வாதி முஜீபின் கீழ்ப்பகுதி இன்று பாதுகாக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகம். அங்கே நீரில் நடந்து செல்லும் வழியைக் குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். காரணம் வெள்ளமே.

அடுத்து வரும் கரக் நகரில் சிலுவைப் போர்க்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. ஸலாஹுத்தீன் அய்யூபியின் படையினரிடம் அது 1188-ல் வீழ்ந்தது. கோட்டையை விரைவாகப் பார்த்துவிட்டு, நேரத்தை அதற்குத் தெற்கேயுள்ள முஅத்தாவுக்கு மிச்சப்படுத்துங்கள். ஹிஜ்ரி 8-ல், அதாவது கி.பி. 629-ல், ஏறத்தாழ 3,000 வீரர்கள் மதீனாவிலிருந்து வந்து ரோமப் பேரரசின் படையை எதிர்கொண்ட இடம் அது. ஸைது இப்னு ஹாரிதா (ரலி) ஷஹீதானார்கள். கொடியை ஏந்திய ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) இரு கைகளையும் இழந்து ஷஹீதானார்கள். மூன்றாமவராக அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி). அம்மூவரின் அடக்கத்தலங்கள் அருகிலுள்ள மஸார் என்னும் ஊரில் உள்ளன. நம் பிள்ளைகள் தீனியாத் பாடத்தில் இப்பெயர்களை ஒப்புவித்திருப்பார்கள். ஒட்டகத்திலும் கால்நடையாகவும் அந்தத் தோழர்கள் எத்தகைய நிலத்தைக் கடந்து வந்தார்கள் என்பதை அங்கே நின்று தெற்கே பார்த்தால்தான் விளங்கும்.

தொடர்ந்து வாதி ஹஸா என்னும் மற்றொரு பள்ளத்தாக்கு. அதன்பின் தானா காப்பகம். மலைவிளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கல்வீடுகளிலிருந்து பார்த்தால், செம்பாறைகள் அடுக்கடுக்காக வாதி அரபாவரை இறங்குகின்றன. தொழுகைக்கு இங்கே நிறுத்தலாம். காரில் ஷாஃபியும் ஹனஃபியும் கலந்திருந்தால், ளுஹரையும் அஸரையும் சேர்ப்பதா பிரிப்பதா என்ற பேச்சு கட்டாயம் எழும். அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பெட்ராவைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். ‘ஸீக்’ எனப்படும் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பிளவின் வழியே உள்ளே செல்ல வேண்டும். சில இடங்களில் அகலம் மூன்று மீட்டரே. எல்லோரும் தலையை நிமிர்த்தி, எப்போது அந்தக் கஸ்னா மாளிகை தெரியும் என்று நடப்பார்கள். நீங்கள் சற்றுப் பக்கச் சுவரையும் பாருங்கள். பாறையில் வெட்டிய வாய்க்கால் கூடவே வரும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நபத்தி அரபிகள் தொலைவிலிருந்த ஊற்றுநீரை வாய்க்காலிலும் சுடுமண் குழாயிலும் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வெள்ளம் ஸீக்கினுள் புகாதபடி வாயிலில் அணை கட்டி, மலையைக் குடைந்து வேறு வழியில் திருப்பியும் விட்டார்கள். பிற்காலத்தில் அந்த அணை சிதைந்து கிடந்தது. 1963 ஏப்ரலில் பெய்த ஒரு மழையில் வெள்ளம் ஸீக்கினுள் பாய்ந்து 20-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோயிற்று. அதன்பிறகே பழைய இடத்தில் புதிய அணை எழும்பியது.

ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். மலையைக் குடைந்த மாளிகைகளைக் கண்டதும், இதுவே ஸமூது கூட்டத்தாரின் ஊர் என்று நம்மவர் சிலர் சொல்லிவிடுகிறார்கள். ஸாலிஹ் (அலை) அவர்களோடு தொடர்புடைய அல்-ஹிஜ்ர் இங்கன்று. தெற்கே சவூதி அரேபியாவில் உள்ளது.

பெட்ராவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வாதி ரம். பாறைக் குன்றுகள் செம்மணலிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. கஸாலி மலையின் பிளவுக்குள் பழங்கால வழிப்போக்கர்கள் செதுக்கிய எழுத்துகளையும் உருவங்களையும் காணலாம். ஆயினும் என் மனத்தில் தங்கிவிட்டது மேலே உள்ளதன்று, கீழே உள்ளது. இந்நிலத்தின் அடியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. பக்கத்திலுள்ள தீஸியில் கிணறுகள் தோண்டி, 2013 முதல் 325 கிலோமீட்டர் குழாயில் அம்மானுக்கு அனுப்புகிறார்கள். திட்டத்தின் அளவு ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டர். எல்லைக்கு அப்பால் சவூதியும் அதே நீரை எடுக்கிறது. மேலிருந்து ஊறி இதை நிரப்ப இப்போது போதிய மழை இல்லை.

எங்கள் ஜீப்பை ஓட்டிய பதூயின் இளைஞர் மஃரிபுக்குச் சிறு கெண்டி ஒன்றை எடுத்து வந்தார். அந்த ஒரு கெண்டி நீரில் நாங்கள் மூவரும் ஒளு செய்தோம்; அதன் பின்னும் சிறிது நீர் மிஞ்சியது. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ நீரில், அதாவது இரு கைகளும் சேர்த்து அள்ளும் அளவில், ஒளு செய்தார்கள் என்று மத்ரஸாவில் நான் பாடம் நடத்தும்போது மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பள்ளிவாசல் குழாயில் காலை மட்டும் கழுவவே அதைப்போல ஐந்து மடங்கு செலவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்பயணத்துக்கு மார்ச் பிற்பகுதி, ஏப்ரல், அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. ஆனால் 2018 அக்டோபரில்தான் சாக்கடல் ஓரத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் திடீர் வெள்ளம் வந்து, உல்லாசப் பயணம் வந்திருந்த பள்ளிச் சிறார்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே தொலைவில் எங்கோ பெய்த மழை வந்து சேர்ந்துவிடும். பள்ளத்தாக்கில் இறங்கும் முன் உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். இன்று வேண்டாம் என்று ஓட்டுநர் சொன்னால், கொடுத்த பணத்தை எண்ணி அவரை வற்புறுத்தாதீர்கள்.