விளிம்பில் இருக்கும் பெயர்

ஏப்ரல் 14 நெருங்கினால் எங்களுக்கு இரண்டு விதமான போன் வரும். ஒன்று, கூட்டத்துக்குப் பேச ஆள் கேட்டு. இன்னொன்று, பட்டாளத்து மெடலைப் பற்றி. "அண்ணா, ஜெயந்திக்குக் கண்காட்சி வைக்கிறோம். எங்க பாட்டன் மெடல் கறுத்துப் போய்க் கிடக்கு. என்ன போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வரும்?" நாங்கள் சொல்லும் பதில்: தேய்க்காதீங்க தம்பி. கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் காலனிகளில் குடும்ப வரலாறு சேகரிக்கப் போகும்போது, தகரப் பெட்டியின் அடியில் பழைய துணியில் சுற்றிய மெடல்களை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். பறையர் சமூகத்து ஆட்கள் பெருமளவில் சேர்ந்த படைப்பிரிவுகள் மெட்ராஸ் சாப்பர்ஸும் மெட்ராஸ் பயனியர்ஸும். ரோடு போட்டார்கள், பாலம் கட்டினார்கள், பதுங்குகுழி வெட்டினார்கள். அந்த வீடுகளில் நூறு வருடத்துக்கு முந்தைய பட்டா இருக்காது, பத்திரம் இருக்காது, பாட்டனின் பெயர் எழுதிய ஒரு காகிதம்கூட இருக்காது. ஆனால் மெடலின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஆங்கில எழுத்தில் பொடிப்பொடியாகப் பதிந்திருக்கும். இரண்டாம் உலகப்போரில் கொடுத்த நட்சத்திர மெடல்களில் இந்தியச் சிப்பாய்களின் பெயர் பின்பக்கத்தில் இருக்கும்.

இந்த எழுத்துகளுக்கு ஆழம் கிடையாது. புளியும் சாம்பலும், பிதாம்பரியும் பிராசோவும், பற்பசையும்கூட உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற பொருள்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் அழுக்கோடு எழுத்தும் போகிறது. அரசியின் முகமும் அரசனின் முகமும் புடைப்பாக இருப்பதால் கொஞ்சம் மழுங்கினாலும் அடையாளம் தெரியும். முதலில் காணாமல் போவது நம் ஆளின் பெயர்தான். பாத்திரக் கடையில் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்த ஒரு மெடலைப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி மின்னியது. விளிம்பில் மூன்று எழுத்துதான் மிச்சம். அந்த வீட்டில் பாட்டனின் பெயர் தெரிந்த கடைசி மனுஷி, அவர் மகள், அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார்.

இன்னொரு விஷயம். முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் வார் மெடலைப் போர்வீரர்களுக்கு வெள்ளியில் அடித்தார்கள். அதே அச்சில் வெண்கலத்திலும் அடித்தார்கள். அது இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படைகளைச் சேர்ந்தவர்களைப் போன்றவர்களுக்கு. மண் சுமந்தவனுக்கு வெண்கலம். வீட்டிலிருக்கும் மெடல் செம்பு நிறத்தில் இருந்தால், உள்ளே வெள்ளி இருக்கும் என்று நினைத்து மேலும் மேலும் தேய்க்கிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளி வராது. அந்த நிறமே ஒரு சாட்சி. வெள்ளி முலாம் பூசினால் அந்தச் சாட்சியையும் நாமே மூடிவிடுகிறோம்.

"வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டதில் என்ன பெருமை?" என்று படித்த தோழர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அண்ணல் என்ன செய்தார் என்று பாருங்கள். அவர் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். மகர்களைப் படையில் சேர்ப்பதை 1890களில் அதே வெள்ளை அரசு நிறுத்தியது. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் கோரேகான் தூணுக்குப் போனார். 1818 போரில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் 22 பேர் மகர்கள். 'நாக்' என்று முடியும் பெயர்களை வைத்து அவர்களை இன்றும் அடையாளம் காண்கிறோம். அந்தக் கல்லை யாராவது 'அழகாக்க' இழைத்திருந்தால் இன்று நம்மிடம் என்ன இருக்கும்?

பேரரசு எல்லோர் பெயரையும் எழுதவும் இல்லை. முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களும் தொழிலாளர்களும் பல்லாயிரக்கணக்கில் தனித்தனிப் பெயரில்லாமல் விடப்பட்டார்கள் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அப்படியிருக்க, உங்கள் வீட்டு மெடலில் இருக்கும் பெயரின் மதிப்பு என்ன என்று யோசியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலை போட்டோ. இரண்டு பக்கத்தையும் எடுங்கள். பிறகு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுற்றிலும் எடுங்கள். எழுத்துப் பள்ளத்தில் தங்கிய கறுப்புதான் எழுத்தைப் படிக்க வைக்கிறது. அதை ஊசியால் நோண்டாதீர்கள்.

படித்ததை அப்படியே நோட்டில் எழுதுங்கள். பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா தப்பும் தவறுமாக எழுதியிருப்பான். திருத்தாதீர்கள். ஆவணத்தில் தேடும்போது அந்தத் தப்பான எழுத்துதான் கைகொடுக்கும்.

கை வியர்வை உலோகத்தைக் கெடுக்கும். பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தூசியை மட்டும், படம் வரையும் மென்மையான பிரஷால், காய்ந்தபடியே தட்டிவிடுங்கள். பிசுக்கு ஒட்டியிருந்தால் பஞ்சுக் குச்சியை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்து ஒற்றி எடுத்து, உடனே ஈரம் போகத் துடையுங்கள். ரிப்பன் நனையக் கூடாது, அதை மாற்றவும் கூடாது. பேக்கிங் சோடாவும் அலுமினியத் தாளும் போட்டு ஊறவைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

வெண்கலத்தில் பச்சைப் பொடி பூத்திருந்தால், மூங்கில் பல்குச்சியால் அந்தப் பொடியை மட்டும் மெல்ல உதிர்த்துவிட்டு, ஈரம் படாமல் வையுங்கள். திரும்பத் திரும்பப் பூத்தால் உலோகம் உள்ளே அரிக்கிறது என்று பொருள். நீங்களாக எதையும் ஊற்றாமல், எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் ஆலோசனை கேட்டுப் பாருங்கள்.

கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில், ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகச் சுற்றுங்கள். பிவிசி கவர், ரப்பர் பேண்ட், நியூஸ்பேப்பர் மூன்றும் வேண்டாம். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே போடுங்கள்.

ஜெயந்திக் கண்காட்சிக்கு மெடலைக் கறுப்போடே வையுங்கள். பக்கத்தில் விளிம்பின் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அந்தப் பெயரைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். அவர் எந்த ஊர், யார் வகையறா என்று தெரிந்த கிழவிகள் இன்னும் சில தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கைபிடித்துக் கூட்டிவந்து அந்தப் பெயரைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். இந்த ஏப்ரலுக்குள் செய்துவிடுங்கள்.

ஜெய்பீம்.