தின்னாத குட்டி

உன்னிச்சைக் குளத்து வாய்க்கால் பாயும் வட்டை ஒன்றில், சிறுபோக வெட்டு முடிந்த கையோடு, வைக்கோலுக்குள் கிடந்த மலைப்பாம்புக் குட்டியொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் பக்கத்தில் அதை வெங்கிணாந்தி என்பார்கள். ஒன்றரை அடி நீளம் இருக்கும், பெருவிரல் தடிப்பு. நான் உயர்தரம் படிக்கத் தொடங்கியிருந்த காலம். மாரி முடிவதற்குள் அது செத்துப்போயிற்று. பட்டினியால் சாகவில்லை. நான் கொடுத்த தீனியால் செத்தது.

மலைப்பாம்பு சட்டத்தால் காக்கப்பட்ட பிராணி என்பதோ, அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம் என்பதோ அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் தோலில் இருந்த கோலத்தைப் பார்த்த பிறகு, அது என்னிடம் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை.

பழைய மீன்தொட்டி ஒன்றில் மணல் பரப்பி, மேலே வலையடித்து, விறாந்தையில் வைத்தேன். ஒளிந்துகொள்ள அதில் ஓரிடமும் இல்லை. ஒளிந்துகொண்டால் நான் எப்படிப் பார்ப்பது? தவளை பிடித்துப் போட்டேன். எலிக்குஞ்சு போட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் வாய் நனைக்காமல் போனால் அம்மாவுக்கு அன்று முழுவதும் மனம் சரியிராது. நானும் அந்த வீட்டில் வளர்ந்தவன். தின்னாமல் கிடக்கும் அந்தக் குட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்கு நித்திரை கெட்டது.

அம்மப்பா ஒரே பேச்சுத்தான் சொன்னார். "பசிச்சாத் தின்னும் மனே. எடுத்த இடத்தில கொண்டுபோய் விட்டுட்டு வா." காடு வெட்டி வயல் செய்த மனிதர் அவர். ஆனால் பாம்பை வீட்டில் வைத்திருக்கப் பயந்து சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அதன் கண்கள் வெளிறின. கருமணி தெரியாமல், நீலம் கலந்த பால் நிறத்தில் மூடிப்போயின. பட்டினியால் கண் குருடாகிவிட்டது என்று எனக்கு நடுக்கம். நாகதம்பிரானுக்குப் பால் வைக்கும் வழக்கமுள்ள வீட்டில், பாலைக் கொடு என்று அம்மம்மா சொன்னதில் ஆச்சரியமில்லை. சிரட்டையில் ஊற்றி வைத்தேன். அது வாயைத் தோய்த்துக் குடித்தது. வீடே மகிழ்ந்தது. தொட்டியில் நான் தண்ணீர் வைக்கவே இல்லை என்பதை அந்த மகிழ்ச்சியில் யாரும் கவனிக்கவில்லை. தாகித்த பாம்பு எந்த நீர்மத்தையும் குடிக்கும். பாலைச் செரிக்க அதன் வயிற்றுக்குத் தெரியாது. இந்தியாவில் நாகபஞ்சமியை ஒட்டிப் பாம்பாட்டிகள் நாகங்களைத் தண்ணீரில்லாமல் வாடப்போட்டுத்தான் பால் குடிக்க வைக்கிறார்கள். அதே வேலையை நான் அன்போடு செய்திருக்கிறேன்.

சில நாளில் அது சட்டை கழற்றியது. அன்றிரவே எலிக்குஞ்சைப் பிடித்தது. விளக்கை அணைத்துவிட்டு, ரோர்ச் வெளிச்சத்தை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். பாய்ந்ததும் சுற்றியதும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. பிடியைத் தளர்த்தி, மூக்கால் தடவித் தலை எந்தப் பக்கம் என்று தேடி, தலையிலிருந்து விழுங்கத் தொடங்கியது. கீழ்த்தாடையின் இரண்டு பக்கமும் மாறி மாறி முன்னே நகர்ந்தன. இவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

காலையில் கூட்டாளிகளைக் கூப்பிட்டேன். கைக்குக் கை மாறியது. யாருடைய கையிலோ இருக்கும்போது உடம்பை நெளித்து, விழுங்கியதை அப்படியே கக்கிவிட்டது. வயிறு வெறுமையாகிவிட்டதே என்று அன்று பின்னேரமே இன்னொன்று போட்டேன். அதையும் எடுத்தது, அதையும் கக்கியது.

பிறகு மாரி பிடித்தது. விடாத மழை, ஈர விறாந்தை, குளிர்ந்த மணல். திரும்பவும் தின்னாமல் சுருண்டு கிடந்தது. இந்த முறை நான் காத்திருக்கவில்லை. கரண்டிக் காம்பால் வாயைத் திறந்து, கோழி இறைச்சித் துண்டுகளை உள்ளே தள்ளினேன். கழுத்தைத் தடவித் தடவிக் கீழே இறக்கினேன். அது கடிக்கவில்லை. கடிக்கும் தெம்பும் அப்போது அதற்கு இருந்திருக்காது. சில நாளில் வயிறு வீங்கி, தொட்டி நாறத் தொடங்கியது. அம்மப்பாதான் எடுத்துப்போய்ப் புதைத்தார். எனக்கு ஏச்சு விழவில்லை.

பட்டினியால் செத்தது என்றே பல வருடம் நம்பியிருந்தேன். போதாமல் கொடுத்துவிட்டேன் என்ற கவலை வேறு. பிறகு படிப்புக்காக ஊரைவிட்டு வந்த காலத்தில், நூலகமொன்றில் ஊர்வன பற்றிய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. பொரித்த மலைப்பாம்புக் குட்டியின் வயிற்றில் முட்டையின் மஞ்சட்கரு மிச்சமிருக்கும். முதற் சட்டை கழற்றும்வரை அது இரை தேடாது என்று எழுதியிருந்தது. அடுத்த பந்தியில் கண்கள். பாம்பின் கண்ணை மூடியிருக்கும் செதிலும் சட்டையோடு சேர்ந்து கழலும். அதற்கு முன் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நீர்மம் ஊறுவதால் கண் வெளிறி நீலமாகத் தெரியும். நான் அந்தப் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீலம் கலந்த பால் நிறம். குருடாகிவிட்டது என்று நான் அழுத நிறம். அதற்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. வயிற்றில் சாப்பாடு இருந்தது, தோல் முற்றிக்கொண்டிருந்தது, அது தன் நேரத்துக்குக் காத்திருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிக் கிடந்து, குளிர்ந்தால் தசையை நடுக்கிச் சூடேற்றி, இரண்டு மாதமளவில் இரையெடுக்காமலே அடைகாக்கும் என்றிருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வட்டைப் பக்கம் எங்கோ ஒரு பற்றைக்குள் அப்படிப் பட்டினி கிடந்து ஒரு தாய் பொரித்த குட்டி அது.

மற்றதையெல்லாம் பிறகு தேடித் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் ஸ்டீபன் செக்கோரும் ஜாரெட் டயமண்டும் பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். பெரிய இரை விழுங்கிய பாம்பின் உடல் எரிக்கும் ஆற்றல் 44 மடங்குவரை ஏறுகிறது. குடல் தடிக்கிறது, ஈரல் பெருக்கிறது. இரை கிடைத்த 48 மணி நேரத்துக்குள் இதயத்தின் கீழறைத் தசை 40 சதவீதம் கூடுகிறது என்று 2005இல் வேறொரு குழு காட்டியது. செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். இவ்வளவு வேலையும் நடக்க அதற்கு வெளிச்சூடு வேண்டும், அசையாமல் கிடக்க வேண்டும். சூடில்லாவிட்டால் இரை உள்ளேயே அழுகும். ஆகவே மாரிக் குளிரில் என் குட்டி இரையை மறுத்தது பிழையில்லாத கணக்கு. வெளிநாடுகளில் ஆபிரிக்கப் பந்து மலைப்பாம்பு வளர்ப்பவர்களுக்கு, நல்ல சுகத்தோடு இருக்கும் பாம்பே மாதக்கணக்கில் தின்னாமல் இருப்பது பழகிப்போன விடயம்.

இப்போது ஊரில் கோழிக்கூட்டுக்குள் வெங்கிணாந்தி புகுந்தால் சிலர் எனக்கு அழைப்பெடுக்கிறார்கள். தொடாதீர்கள், தடியால் தட்டினால் விழுங்கிய கோழியைக் கக்கிவிட்டு ஓடப் பார்க்கும், வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள் என்கிறேன். கோழி போனது போனதுதான், அதையாவது செரிக்கவிடுங்கள் என்றும் சொல்வதுண்டு. அதிகாரிகள் வரும்வரை நாயையும் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்தச் சொல்கிறேன். கூட்டில் இரை அகப்படாமல் சுருண்டு கிடக்கும் பாம்பென்றால் கேள்வி வேறு மாதிரி வரும். "பாவம், வெறும் வயித்தோட கிடக்குது. என்ன குடுக்கிற?" ஒன்றும் வேண்டாம் என்கிறேன். இரக்கமில்லாத மனிசன் என்று நினைப்பது அவர்கள் குரலிலேயே தெரியும். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப எடுத்து, ஒரு முட்டையாவது வைக்கட்டா என்று கேட்பார்கள்.