பசுவின் மூச்சை எண்ணுங்கள்

பிள்ளைகளே, பெங்களூரில் இருந்துகொண்டு வெயிலைப் பற்றிப் பேசினால் ஒரு காலத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். பொழுது சாய்ந்தால் காற்று குளிர்ந்துவிடும். மே மாத இரவில் போர்வை தேடிய நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அதே ஊரில் 2016 ஏப்ரல் 24 அன்று 39.2 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அன்று மத்தியானம் ஆனேக்கல் பக்கம் என் தங்கை மகனுடைய மாட்டுக் கொட்டகையில் நான் நின்றிருந்தேன்.

எட்டுப் பசுக்கள். எட்டும் நின்றுகொண்டே இருந்தன. ஒன்றும் படுக்கவில்லை, ஒன்றும் அசைபோடவில்லை. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, எச்சில் நூலாக வடிய இரைத்துக்கொண்டிருந்தன. "தண்ணி இருக்கு, தீவனம் இருக்கு, எதையும் தொட மாட்டேங்குது மாமா" என்றான். திருட்டுக்குப் பயந்து நான்கு பக்கமும் கூரை வரை சுவர் எழுப்பியிருந்தான். பிள்ளை பாசத்தோடுதான் கட்டியிருந்தான். அதே பிழையை அவன் வயதில் நானும் செய்திருந்தபடியால் அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

1983-இல் எங்கள் தெருவிலேயே முதல் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினப் பசுவை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். அதுவரை எங்களிடம் இருந்தவை ஹள்ளிகார் மாடுகள். அவை உழவுக்கும் வண்டிக்கும் பிறந்தவை, பால் சொற்பம், ஆனால் வெயில் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. அப்பாவின் கூரைக் கொட்டகை அவற்றுக்குப் போதும். வந்த புதியவளுக்கோ கௌரவமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று நினைத்தேன். எட்டடி உயரத்தில் தகர ஷீட், சுற்றிலும் முழுச் சுவர், ஒரே ஒரு கதவு. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

தை மாதம் வரை பதினான்கு லிட்டர் கறந்தது. பங்குனியில் ஒன்பதாக இறங்கியது. புண்ணாக்கை மாற்றினேன். பருத்திக்கொட்டை விற்றவரோடு சண்டை போட்டேன். திருஷ்டி கழித்தேன். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. பாலில் கொழுப்பு குறைவு என்று சொசைட்டியில் விலையும் குறைந்தது. காலையில் வந்து பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் பசு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். காலையில் அது நன்றாகத்தான் இருந்தது.

ஒரு முதிய கால்நடை மருத்துவர் மட்டும் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். பசுவை அவர் தொடவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினார். தொண்ணூற்றிரண்டு. நிழலில் அமைதியாக நிற்கும் பசு நிமிடத்துக்கு முப்பது, நாற்பது தடவை மூச்சு விட்டால் போதும். அறுபதைத் தாண்டினாலே அது வெப்பத்தோடு போராடுகிறது என்று பொருள். "இந்த நேரத்தில் ஒரு மணி நேரம் இதற்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். அவர் போனபின் உட்கார்ந்தேன். அரை மணி நேரம்கூட என்னால் முடியவில்லை. எனக்கு எழுந்து வெளியே போகக் கால் இருந்தது. அவள் கழுத்தில் கயிறு இருந்தது.

பசுவின் வயிறு ஓர் அடுப்பு என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். தின்ற தீவனம் உள்ளே நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. பால் கூடக் கூடத் தீவனம் கூடுகிறது, தீவனம் கூடக் கூடச் சூடும் கூடுகிறது. குளிர்நாட்டு இரத்தம் கலந்த பசு 25 டிகிரி வரை சுகமாக இருக்கும். நமக்கு இதமாகத் தோன்றும் 30 டிகிரியிலேயே அது தவிக்கத் தொடங்கிவிடும், காற்றில் ஈரமும் சேர்ந்தால் இன்னும் முன்னதாகவே. அடுப்பைத் தணிக்கத் தெரிந்த ஒரே வழியாக அது தீவனத்தைக் குறைக்கிறது. இரைக்கும்போது வாயிலிருந்து வடிந்து வீணாகும் உமிழ்நீர், வயிற்றுக்குள் போய்ப் புளிப்பை ஆற்ற வேண்டிய உமிழ்நீர். அது போனால் செரிமானம் கெடுகிறது, பாலில் கொழுப்பு இறங்குகிறது. படுத்தால் காற்றுப் படும் உடம்பு குறையும் என்பதால் மணிக்கணக்கில் நின்று கால் குளம்பைக் கெடுத்துக்கொள்கிறது. பருவ அறிகுறி மங்குகிறது, போட்ட ஊசியும் தங்குவதில்லை. நான் ஐந்து நோயாக நினைத்தது ஒரே நோய். அதன் பெயர் புழுக்கம்.

பொறுமையை நாம் போற்றி வளர்ந்தவர்கள். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை, பொறுத்தவர்களால்தான் என் குடும்பம் நின்றது. ஆனால் வாய்விட்டுச் சொல்லாமல் பொறுப்பவர் முகத்தைத்தான் நாம் கடைசியாகப் பார்க்கிறோம். அந்த வாரம் கொட்டகைச் சுவரை இடிக்கக் கொத்தனாரை அழைத்தேன். அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது, எங்கள் சமையலறைக்கும் ஜன்னல் இல்லை என்பது என் கண்ணில் பட்டது. முப்பது வருடம் அம்மா அங்கே விறகடுப்பு ஊதியிருந்தார். அதையும் திறக்கச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தேன், அரிவாள்மணையை எடுத்து ஜன்னலடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

சுவரைத் திறப்பது மட்டும் போதாது. சூடான காற்று மேலே ஏறும், மேலே வழி இல்லையென்றால் தகரத்தின் அடியிலேயே தங்கிவிடும். ஆகவே முகட்டைத் திறக்க வேண்டும். கொட்டகையின் அகலம் பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்ற கணக்கில் திறப்பு விட்டு, மழை விழாதபடி அதற்கு மேலே ஒரு தொப்பி வைத்தால், மேலே போகிற சூடு பக்கவாட்டிலிருந்து புதுக்காற்றை இழுத்துக்கொண்டு போகும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் சாய்வெயில் உள்ளே அதிகம் வராது. கூரை பன்னிரண்டடியாவது உயரட்டும், மேலே சுண்ணாம்பு பூசுங்கள் அல்லது வைக்கோல் பரப்புங்கள். இவ்வளவும் செய்த பிறகுதான் மின்விசிறிக்குப் பணம் எடுக்க வேண்டும். அதையும் காற்று பசுவின் உடம்பில் படும்படி சாய்த்து மாட்டுங்கள்.

இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். புகை போலத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களை ஒரு கோடையில் வாங்கிப் பூட்டினேன். காற்றோட்டம் குறைந்த மூலையில் அது ஈரப்புழுக்கத்தை ஏற்றி, நிலைமையை மோசமாக்கியது. தோல் நனையும்படி பெருந்துளியாகத் தெளித்து நிறுத்த வேண்டும், விசிறிக் காற்றில் அது காய வேண்டும், மறுபடி தெளிக்க வேண்டும். காயும்போதுதான் சூடு போகிறது. மார்கழிக் குளிருக்கென்று சாக்கு கட்டி அடைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பசுவின் மூக்கு மட்டத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அது கோமிய நெடி, அதைத்தான் கன்றும் இரவெல்லாம் சுவாசிக்கிறது. காய்ந்த தரை இருந்தால், நம் ஊர்க் குளிரைப் பசு தாங்கும்.

இதையெல்லாம் கற்க வெட்கப்படாதீர்கள். பெங்களூர் ஆடுகோடியில் இன்றைக்கும் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்னகக் கிளை இருக்கிறது. 1923-இல் அங்கே தொடங்கிய நிறுவனம்தான் 1955-இல் கர்னாலுக்குப் போயிற்று. 1927-இல் உடல்நலம் குன்றி நந்தி மலையிலும் பெங்களூரிலும் ஓய்வெடுத்த காந்தியடிகள், அந்த நாட்களில் அங்கே போய்ப் பசு வளர்ப்பைப் பாடமாகக் கேட்டார். மதன் மோகன் மாளவியாவும் அங்கே கற்றவர். பின்னாளில் ஆனந்தில் பால் புரட்சி செய்த வர்கீஸ் குரியன், அமெரிக்கா போகுமுன் பயிற்சி பெற்றதும் அங்கேதான். தேசத்தையே தோளில் சுமந்த காந்தியடிகள், நோயிலிருந்து எழுந்து, அறுபதை நெருங்கும் வயதில் தொழுவத்துக்கு மாணவராகப் போயிருக்கிறார். பசுவை நேசிப்பது வேறு, அதைப் பேணத் தெரிவது வேறு என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். என் அனுபவமும் அதுதான்.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்ட தங்கை மகன், அந்த ஏப்ரல் நாள் சாயங்காலமே இரண்டு சுவர்களின் மேல்பாதியை இடித்தான். திருட்டுக்குக் கம்பிவலை அடித்துக்கொண்டான். அடுத்த வாரம் முகட்டைத் திறந்தான். தீவனத்தில் பெரும்பங்கை விடியற்காலைக்கும் இரவுக்கும் மாற்றினான். தண்ணீர்த் தொட்டியை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தினான். வெந்நீராகக் கிடந்த அந்தத் தண்ணீரைத்தான் அவை தொடாமல் இருந்தன.

மே மாதம் மறுபடி போனேன். மத்தியானம் இரண்டு மணி. ஐந்து பசுக்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அதிகம் கறக்கிற கறுப்பி மட்டும் இன்னும் நின்று இரைத்தாள். அவள் பக்கமாக விசிறியைத் திருப்பிவிட்டு, கவிழ்த்த வாளிமேல் அவன் உட்கார்ந்திருந்தான். நான் வந்ததை அவன் கவனிக்கவில்லை. கண் அவள் விலாவின்மேல் இருந்தது. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தான்.