சாந்தியின் ஸ்டாப்வாட்ச்

விடிகாலையில் கிரிவலப் பாதையில் ஓடப்போவேன். 14 கிலோமீட்டரை ஒருநாளும் முழுசா ஓடியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சர்வசாதாரணமாக முந்திப் போவார்கள், பின்னாடியே சைக்கிளில் அவர்களுடைய கோச் அக்கா. அவரைப் பார்த்தாலே எனக்கு சாந்தி சௌந்தரராஜன் ஞாபகம்தான்.

புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சிக்காரர். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளி. பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அப்புறம் செங்கல் சூளை. நாம் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறோம், உச்சுக்கொட்ட வசதியாக.

அவர் நிறுத்தவில்லை. பெங்களூரு போய் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர். தன்னை வெளியே தள்ளிய அதே டிராக்கில் தினமும் நின்று, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எப்படி நேரம் குறிக்க முடிகிறது?

ஒரு பிராஜெக்ட்டிலிருந்து என்னை மாத்தினதுக்கே, புதுசா வந்த பையனுக்கு நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலை.