அளவும் வடிவமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

எண்கள் இல்லாமல் அறிவியல் இல்லை. ஆனால் எண்களைக் குவித்து வைத்துவிட்டால் அறிவியல் ஆகிவிடுமா? பன்னிரண்டு வெப்பநிலைகளை வரிசையாகத் தருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை மூன்று ஊர்களில் நான்கு நாள் அளந்தவையா? நான்கு ஊர்களில் மூன்று நாள் அளந்தவையா? எண்கள் அதைச் சொல்லமாட்டா. முதலில் ஊர், பிறகு நாள் என்று கொண்டால், 3×4 என்னும் வடிவம் சொல்லிவிடும்.

இவ்வடிவத்தை எண்களோடு சேர்த்தே காக்கும் மென்பொருள்களுள் ஒன்று எச்.டி.எஃப்.5. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1998-இல் வெளிவந்தது. 2013-இல் ஏவப்பட்ட நம் இன்சாட்-3டி செயற்கைக்கோளின் வானிலைத் தரவுகளும் இவ்வகைக் கோப்புகளாகவே ஆய்வாளர்க்கு வழங்கப்பட்டன.

இதில் ஓர் அணியைச் சேமிக்குமுன் மூன்று செய்திகளை அறிவிக்க வேண்டும். எத்தனை பரிமாணம்? ஒவ்வொன்றின் இப்போதைய அளவு என்ன? பின்னால் எதுவரை வளரலாம்? பரிமாணங்கள் 32 வரை இருக்கலாம்; அறிவித்தபின் அந்த அணிக்கு அந்த எண்ணிக்கை மாறாது. அளவோ வளரலாம். ஒரு திசைக்கு 'எல்லை இல்லை' என்றே எழுதி வைக்கலாம். ஆனால் எந்தத் திசை வளரும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படி வளரும் அணியைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து வைக்க வேண்டும். ஒரே தொடராக வைத்தால் பின்னால் வருவதற்கு இடம் இராது அல்லவா?

இதைப் படித்தபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. என் தந்தை செங்கல் சூளையில் கல் அடுக்குபவர். பள்ளி வாசலை மிதிக்காதவர். நீளத்துக்கு இத்தனை, அகலத்துக்கு இத்தனை என்று அடிவரிசையை முதலில் முடிவு செய்வார். அதன்பின் உயரம் மட்டுமே வளரும். ஒருமுறை அவர் அடுக்கியது 5,000 கல் என்று கூலி போட்டார்கள். அப்பா சண்டையிடவில்லை. "நீளம் முப்பது, அகலம் பத்து, உயரம் இருபதுங்க. எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணினார்கள். 6,000 கல்லுக்குக் கூலி வந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அவருடைய கணக்குக்கு 'முப்பரிமாண அணி' என்று பெயர் உண்டென அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார்.

மொத்தத்தை மட்டும் சொன்னால், கேட்பவர் நம்பத்தான் வேண்டும். வடிவத்தையும் சொன்னால் அவரே சரிபார்க்கலாம். கூலிக் கணக்குக்கும் செயற்கைக்கோள் தரவுக்கும் இந்த நீதி ஒன்றே. நண்பர்களே, நம் ஆய்வகக் குறிப்பேட்டில் எண்களை நிரப்புமுன், அவற்றின் அளவையும் வடிவத்தையும் முதல் வரியில் எழுதுவோம். நமக்குப் பின் அதைத் திறக்கும் மாணவனுக்கு நாம் செய்யும் உதவி அதுவே.