கோட்டக்குப்பத்திலிருந்து அந்தமானுக்கு ஆறு டிக்கெட்

"கடலோரத்திலேயே குடியிருந்துகொண்டு, கடலைப் பார்க்கக் காசு செலவழித்துப் பிளேனில் போகணுமா?"

அந்தமான் என்று வாயெடுத்ததும் எங்கள் தெருவில் இப்படிக் கேட்காதவர்களே இல்லை. கேட்பதிலும் நியாயம் உண்டு. எங்கள் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்துக் கடலோர ஊர். புதுச்சேரியை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் கரை முன்போல இல்லை, சகோதரிகளே. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டினார்கள். அதற்கப்புறம் தெற்கேயிருந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிட, வடக்கே இருக்கிற எங்கள் பக்கம் அலை கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. தந்திராயன்குப்பம் பக்கம் போனால் கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது. குழந்தைகள் மணல் வீடு கட்ட இடம் தேட வேண்டும்.

மணல் ஒரு காரணம்தான். முக்கியமான காரணம் என் மாமியார். அவருடைய ஒரே தங்கை, எங்கள் சின்னத்தை, 1977-இல் கல்யாணமாகிச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர். மூன்று நாள் கப்பல். சின்ன மாமாவுக்குப் போர்ட் பிளேரில், சாத்தம் மரம் அறுக்கும் மில்லில் வேலை. 1883-லிருந்து நடக்கும் பழைய சர்க்கார் மில் அது. 2006-இல் என் நாத்தனார் கல்யாணத்துக்கு வந்து போனவர்தான் சின்னத்தை. அதன் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்க்கவே இல்லை. மாமா காலமானபோதுகூடப் போக முடியவில்லை. அத்தைக்கு வயது 72, மூட்டு வலி, ரத்தக் கொதிப்பு. "இனி எங்கே பார்க்கப் போறேன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த பணம் கைக்கு வந்ததும் நகைக்கடைப் பக்கமே போகவில்லை.

எங்கள் ஊரில் பாரிசுக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் வருகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனாலும் "அந்தமானுக்கு விசா வேணுமா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்! நம் நாடுதானே, வேண்டாம். சாதாரணமாகச் சுற்றிப் பார்க்கிற தீவுகளுக்கு ஆதார் அட்டை போதும். நிக்கோபார் தீவுகளுக்கும் ஆதிவாசிகள் வாழும் பகுதிகளுக்கும்தான் கட்டுப்பாடு. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரரைக் கூட்டிப் போவதானால், வெளிநாட்டவருக்குத் தனி விதிகள் உண்டு. டிக்கெட் எடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம் பெயரில். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக் தீவு 2018-லேயே ஸ்வராஜ் தீவாகிவிட்டது. கம்ப்யூட்டரில் தேடும்போது ஓரிடத்தில் பழைய பெயர், ஓரிடத்தில் புதுப்பெயர் வந்து பயமுறுத்தும். விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு மட்டும் மாறவில்லை: ஐ.எக்ஸ்.இஸட். அதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த மாதம் போவது? என் வீட்டுக்காரர் டிசம்பர் என்றார். நான் ஒப்பவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரை கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் தெருவிலும் தண்ணீர். அதற்கு முன்னால், 2016 டிசம்பரில், பிற்பாடு வர்தா புயலாக வந்து சென்னையைப் புரட்டிப் போட்டதே, அதே காற்றழுத்தம் முதலில் அந்தமானைத்தான் பிடித்தது. ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலும் சுமார் 1,400 பேர் படகில்லாமல் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் வந்துதான் மீட்டன. கைக்குழந்தையோடும் வயதானவரோடும் போகிறவர்கள் அந்த மாதங்களைத் தள்ளிவிடுவதே நல்லது. மே மாதம் பாதிக்கு மேல் போனால் தென்மேற்குப் பருவமழை. நமக்குக் கேரளாவில் ஆரம்பிக்குமுன் அங்கேதான் முதலில் இறங்குகிறது. ஆக ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் கடல் சாதுவாக இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியைப் பிடிக்கலாம். எங்கள் பையன் கல்லூரி, பேத்தி இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை. எங்களுக்குப் பிப்ரவரி சரியாக வந்தது.

தேதியை முடிவு செய்தது பேத்திதான் என்று சொல்ல வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். சிறு கட்டணம்தான், தனி சீட் கிடையாது. ஆனால் போகும்போது இரண்டுக்குள் இருந்து, திரும்பும் நாளில் இரண்டு முடிந்துவிட்டால், திரும்பி வரும் பயணத்துக்கு முழு டிக்கெட்! இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எங்கள் செல்லத்துக்குப் பிப்ரவரி 24-இல் இரண்டு முடிகிறது. அதனால் 20-ஆம் தேதிக்குள் வீடு திரும்புகிற மாதிரி வைத்துக்கொண்டேன். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், கேட்பார்கள்.

அடுத்தது எந்த விமான நிலையம் என்ற வாக்குவாதம். லாஸ்பேட்டையில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையம் எங்களுக்கு ஆட்டோ தூரம். நாங்கள் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த 2024 டிசம்பரில், பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் அங்கிருந்து மறுபடி விமானம் விடப்போவதாகப் பேப்பரில் வந்தது. ஓடுபாதை குட்டை, சின்ன விமானம்தான் இறங்கும். "வாசல்லயே ஏறி பெங்களூரு போய், அங்கேருந்து அந்தமான் போகலாம்மா, பாட்டிக்கு ராத்திரியில கார்ல குலுங்கற வேலை இல்லை" என்றான் பையன். நல்ல யோசனை மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் நேரம் சரியாக இணையவில்லை. இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால்தான் மலிவு என்றும் காட்டியது. இங்கேதான் ஜாக்கிரதை தேவை. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் என்றால், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் இரண்டாவது பணம் போனதுதான். மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய்க்கு, வயதானவரைத் தெரியாத ஊர் விமான நிலையத்தில் ராத்திரி முழுக்க உட்கார வைப்பதா?

சென்னையிலிருந்து நேர் விமானம் இரண்டேகால் மணி நேரம்தான், சுமார் 1,350 கிலோமீட்டர். அதையே எடுத்தோம். விடிகாலை ஐந்து மணி விமானம் மலிவாக இருந்தது. ஆனால் அதற்கு நாங்கள் ராத்திரி பதினோரு மணிக்கே காரில் கிளம்பணும். பத்து மணி விமானத்துக்கு ஆளுக்கு அறுநூறு ரூபாய் கூடுதல். அத்தை ராத்திரி தூங்கி எழுந்து, மாத்திரை போட்டுக்கொண்டு, நாலு இட்லி கட்டிக்கொண்டு புறப்பட அது போதாதா? பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திண்டிவனம் வழி பஸ் முன்பு விமான நிலைய வாசலிலேயே இறக்கிவிடும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு அங்கே மாறித்தான் போக வேண்டியிருக்கிறது. பெட்டி படுக்கை, குழந்தை என்றால் சிரமம்.

அதற்காக மத்தியானத்துக்கு மேல் போய் இறங்குகிற விமானமும் வேண்டாம். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம் கடிகாரம். அங்கே சூரியன் நம்மைவிட முக்கால் மணிக்கு மேல் முந்திவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டிவிடுகிறதாம். சாயந்தரம் போய் இறங்கினால் அந்த நாள் கணக்கில் இல்லை.

டிக்கெட்டில் பெயர் எழுதுவது பெரிய தலைவலி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இன்ஷியல்தானே! படிவம் இரண்டு பெயர் கேட்கும். அத்தைக்கு வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் ஓர் 'எச்' கூடுதல். எந்த அட்டையைக் கையில் எடுத்துப் போகிறோமோ அதில் உள்ள எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். எழுதி முடித்ததும் பையனை உரக்கப் படிக்கச் சொல்லி, நான் அட்டையோடு ஒப்பிட்ட பிறகுதான் பணம் கட்டினோம். அத்தைக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்பதையும் அப்போதே பதிந்துவிட்டேன். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

விலை நாளுக்கு நாள் ஆடும். ஒரே வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஐயாயிரத்துச் சொச்சம், சனிக்கிழமை எட்டாயிரத்து ஐந்நூறு. பத்து நாள் காலண்டரில் பென்சிலால் விலையைக் குறித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் கேலிதான். செவ்வாயில் போய்த் திங்களில் திரும்பியதில் ஐந்து டிக்கெட்டுக்கும் சேர்த்து மிஞ்சிய பணம், தீவுக்குப் போகும் படகுச் செலவுக்கு ஆயிற்று. பொதுவாக இரண்டு மூன்று மாதம் முன்னால் எடுப்பது நல்லது.

விமான டிக்கெட்டோடு வேலை முடியவில்லை. போர்ட் பிளேரிலிருந்து ஸ்வராஜ் தீவுக்குக் கடலில் ஒன்றரை இரண்டு மணி நேரம். சர்க்கார் படகு மலிவு. ஆனால் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முன்னுரிமை. தனியார் படகுக்கு வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம்: திரும்புவதற்கு முந்தின ராத்திரி போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். காலையில் தீவிலிருந்து படகு, மத்தியானம் விமானம் என்று போட்டால் ஒரு நாள் மிச்சமாகும்தான். காற்று கொஞ்சம் பலமாக அடித்துப் படகை நிறுத்திவிட்டால்? விமானம் நமக்காகக் காத்திருக்குமா?

இதில் உடம்பு சம்பந்தப்பட்ட காரணமும் இருக்கிறது. பையன் காற்று அடைத்த சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கி மீன் பார்க்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அப்படி ஆழத்தில் மூழ்கி வந்தவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது. தண்ணீரின் அழுத்தத்தில் ரத்தத்தில் கலந்த நைட்ரஜன், உயரே போனதும் குமிழியாகி மூட்டையும் மூளையையும்கூடப் பாதிக்கலாம். பதினெட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்கிறார்கள். அதனால் தீவில் முதல் நாள் காலையிலேயே அவனை மூழ்கவிட்டு, விமானத்துக்கு இரண்டு நாள் இடைவெளி வைத்தேன்.

கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 28 வாரத்துக்கு மேல் பெரும்பாலான விமானங்களில் டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். படகு ஆட்டம் வேறு இருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு போய்க்கொள்ளலாம், தீவு எங்கேயும் ஓடாது.

விமானம் இறங்கும்போது குழந்தைகளுக்குக் காது வலிக்கும். அந்த நேரத்தில் பால் கொடுத்தால், விழுங்க விழுங்க அடைப்பு விடும். என் பெண் அப்படித்தான் செய்தாள், பேத்தி சிணுங்கவே இல்லை. மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். அத்தை தங்கைக்காகப் பண்ணிய மாவடு ஊறுகாய் கைப்பையில் போகாது. இரண்டு பிளாஸ்டிக் உறை கட்டிப் பெட்டியில் போட்டோம். கொப்பரையைப் பெட்டியிலும் வைக்க விடுவதில்லை, எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும் என்று. தேங்காய் விளைகிற தீவுக்கு எதற்குக் கொப்பரை என்று அத்தையைச் சமாதானப்படுத்தினேன்!

போய் வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னத்தை வீடு ஜங்கிலிகாட்டில். எங்கு திரும்பினாலும் தமிழ்க் குரல். வெற்றிமலை முருகன் கோயிலில் நின்றால் நம் ஊரில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. செல்லுலார் சிறையின் ஏழு கிளைகளில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. அந்த அறைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வெகுநேரம் நாங்கள் யாரும் பேசவில்லை. ஸ்வராஜ் தீவுக்கு அத்தை வரவில்லை. படகில் குடலைப் பிரட்டும், தங்கையோடு இருந்தால் போதும் என்றுவிட்டார். அது எனக்கும் நிம்மதி. ராதாநகர் கடற்கரையில் பேத்தி இரண்டு நாளும் மணலைவிட்டு எழுந்திருக்கவில்லை. படகில் போகிறவர்கள் நடுப்பகுதியில் சீட் கேளுங்கள், ஆட்டம் குறைவு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். கரையில் கிடக்கும் பவளத் துண்டை ஞாபகத்துக்கென்று பையில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது அக்காவும் தங்கையும் ராத்திரி இரண்டு மணி வரை பேசுகிறார்கள் என்று சின்னத்தையின் மருமகள் சிரித்தபடி புகார் சொன்னாள். அத்தைக்கு ரத்தக் கொதிப்பு பார்த்தோம், வீட்டில் இருப்பதைவிடக் குறைவு! கிளம்புகிற அன்று சின்னத்தை வாசலுக்கு வரவில்லை. உள்ளேயே இருந்துகொண்டு, "நீங்க போங்க, நான் தை மாசம் வரேன்" என்றார். அவர் 1977-லிருந்து கப்பலில்தான் வந்து போயிருக்கிறார், விமானம் ஏறியதே இல்லை.

தை மாதத்துக்கு இப்போதே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பொங்கல் வாரம் விலை ஏறிக் கிடக்கிறது. பொங்கல் முடிந்து அடுத்த புதன்கிழமை பரவாயில்லை. அவர் ஆதார் அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எத்தனை 'எச்' இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.