ஆச்சி விட்டுச் சென்ற கொப்பி

எமது பங்கு மக்கள் அனைவராலும் 'குருநகர் ஆச்சி' என அன்புடன் அழைக்கப்பட்ட மூதாட்டி, கடந்த மாசி மாதம் தமது எண்பத்தேழாவது வயதில் இறைவனடி சேர்ந்தார். அவரது முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி நிறைவெய்திய இவ்வேளையில், எம் நெஞ்சை உறுத்தும் ஒன்றை இங்கு எழுதாதிருக்க இயலவில்லை.

ஜேர்மனியின் ரூர் பிரதேசத்துக்கு நாம் அகதிகளாக வந்து சேர்ந்த நாட்களில் ஆச்சியின் சிறிய வீடே எமக்குத் தாய்வீடாயிற்று. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட இளைஞர்கள் கடிதத்துடன் முதலில் அவரிடமே ஓடுவார்கள். அதனை மடு மாதா படத்தின் கீழ் வைத்துச் செபமாலை சொல்லுவார். முடிந்ததும், "விடியவே வக்கீலிட்டைப் போ, மோனை" என்பார். செபமும் வேண்டும், வக்கீலும் வேண்டும் என்பது அவரது கொள்கை. ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் கெவலார் மாதாவின் திருத்தலத்தில் எம்மவர் கூடும்போது, உடன் வரும் சைவக் குடும்பங்களுக்கும் சேர்த்தே மெழுகுதிரி வாங்கி வருவார்.

இவை யாவற்றிலும் மேலாக, பெரிய வெள்ளிக்கிழமையில் அவர் பாடும் வியாகுலப் பிரசங்கம் எம் நினைவில் நிற்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து தொண்டாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் தமிழில் இயற்றிய நூல் அது. தவக்காலத்தில் அதனை ஒப்பாரியின் ஓசையில் பாடுவது எம் முன்னோர் வழக்கம். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, ஆச்சியின் பழைய புத்தகமும் வீட்டோடு போயிற்று. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து அவர் கொண்டுவந்தது நெஞ்சில் இருந்ததை மட்டுமே.

சில ஆண்டுகளின் முன் எம்மால் ஒரு தவறு நேர்ந்தது. பிள்ளைகளுக்கு அந்தப் பழந்தமிழ் விளங்கவில்லை, நேரமும் நீளுகிறது என்று பெற்றோர் சிலர் முறையிட்டனர். ஊரில் ஆசிரியராயிருந்தவர், எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் என்று எம்மையே அனுப்பினர். நாமும் சென்று, "ஆச்சி, பத்து நிமிடத்துள் முடிக்கலாமோ?" என்று கேட்டோம்.

அவர் சினக்கவில்லை. சற்று நேரம் எம்மைப் பார்த்திருந்துவிட்டு, "தாய் அழுகிறது எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்தானே, மாஸ்ரர்" என்றார். அவ்வாண்டு அவர் பாடவில்லை. முழங்கால் வலி என்று காரணம் சொன்னார். அதன் பின்னரும் பாடவில்லை. நாமும் மீண்டும் அழைக்கவில்லை. தமிழைப் படிப்பித்து வாழ்ந்த நாமே ஒரு தமிழ்க் குரலை அடக்கிவிட்டோம் என்பதை உணர, அவரது மரணம் தேவைப்பட்டது.

அடக்கம் முடிந்த பின் அவரது மகள் எம்மிடம் ஒரு பாடசாலைக் கொப்பியைத் தந்தார். நடுங்கும் கையால், பெரிய எழுத்துக்களில், பிரசங்கம் முழுவதையும் நினைவிலிருந்தே எழுதியிருந்தார். இடையிடையே சில பகுதிகள் சிவப்பு மையால் கோடிடப்பட்டிருந்தன. முதற் பக்கத்தில், "சிவப்புக் கோடு போட்டதை விட்டால் பத்து நிமிசம். மாஸ்ரரிட்டைக் குடுக்கவும்" என்று எழுதியிருந்தது.

அதற்கு மேல் எம்மால் வாசிக்க முடியவில்லை.

வருகின்ற பெரிய வெள்ளியன்று அப்பிரசங்கம் எமது ஆலயத்தில் மீண்டும் ஒலிக்கும். மூன்று இளையோர் மாலை வேளைகளில் வந்து பழகுகின்றனர். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை அதனை ஜேர்மன் எழுத்திலே எழுதிவைத்துப் பாடுகிறாள். ஓசை பிழைக்கவில்லை. சிவப்புக் கோடுகள் கொப்பியில் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒரு வரியையும் நாம் விடப்போவதில்லை.

அன்பான வாசகர்களே, உங்கள் இல்லங்களிலும் இவ்வாறு பாடத் தெரிந்த முதியோர் இருப்பர். அவர்கள் பாடும்போது நேரம் பார்க்காதீர்கள். அருகே அமர்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள்.

ஆச்சியின் ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக.